வியர்க்காத இடம்

கல்யாண ஊர்கோலம் முடிந்து
விடிகிற நேரத்தில் சேணத்தைக் கழற்றினால்
பங்காரியின் முதுகு முழுக்க ஈரம்.
இரண்டு இடம் மட்டும் காய்ந்திருக்கிறது,
பிடரி இறங்குமிடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக,
வடை அளவு.

"அங்க வேர்க்கவே இல்ல பாரு அமுலு,
அங்க அவளுக்கு நோவே இல்ல"
என்கிறான் மொகிலி, கொள்ளை அலசிக்கொண்டே.

நான் பேர்ணாம்பட்டு ஷூ கம்பெனியில்
பதினோரு வருஷமாய் இன்சோல் ஒட்டுகிறவள்.
நசுங்குகிற இடம்தான் வியர்க்காது.
ரத்தமே நுழையாத தோலுக்குத்
தண்ணீர் எங்கிருந்து வரும்?
போன மாசிப் புண் ஆறி
அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைத்திருக்கிறது.
மாப்பிள்ளை வீட்டார் அதை
ராசிப் புள்ளி என்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதை பஸ்.
பத்தலப்பல்லி செக்போஸ்ட் தாண்டினதும்
போர்டுகளில் எழுத்து உருண்டையாகிறது.
வி.கோட்டாவில் தக்காளி மண்டிக்குப் பின்னால்
ஹயாத் பாஷா கடை.
மூக்கணாங்கயிறு, லாடம், கழுத்து மணி,
நடுவே கொடியில் நாலு சேண மெத்தை.

சிவப்பு வெல்வெட்டைத்தான் முதலில் விரித்தார்.
ஓரமெல்லாம் ஜரிகை, நடுவில் தாமரை.
"இதி தீஸ்கோண்டி, போட்டோலோ பாகுண்டுந்தி."
திருப்பிப் போட்டேன்.
இதழுக்கு இதழ் பின்னால் ஒரு நூல்முடிச்சு.
எண்ணினேன், அறுபத்து நாலு.
அதன்மேல் எண்பது கிலோ மாப்பிள்ளை,
அவர் மடியில் தங்கச்சி மகன்.

அடுத்தது ஸ்பாஞ்ச், கட்டைவிரல் கனம்.
"மெத்துனு கீது" என்றான் மொகிலி.
முஷ்டியை ஊன்றி இருபது எண்ணி எடுத்தேன்.
குழி எழுந்து வரவே இல்லை.
"அப்ப ரெண்டா வாங்கிப் போட்டுக்கலாம்."
ஷூ கடிக்குதுன்னு
மூணு சாக்ஸ் மாட்டினா சரியாப்பூடுமா, என்றேன்.
பாஷா வாய்விட்டுச் சிரித்தார்.
அவருக்குத் தமிழ் தெரியுமென்று அப்போதுதான் தெரிந்தது.

செயற்கை ரோமம் வைத்த மூன்றாவதில்
கடையிலேயே வைக்கோல் துணுக்கு சிக்கியிருந்தது.
தொடவில்லை.

கடைசியில் தொங்கினது மண் நிறம்.
கம்பளியை அமுக்கிச் செய்தது, ஆட்டு வாடை போகாதது.
முதுகுத்தண்டுக்கு வளைத்து வெட்டியிருக்கிறார்கள்.
தையல் ஓரத்தில் மட்டும்.
முழங்கை உள்பக்கம் வைத்து
கண்ணை மூடித் தேய்த்தேன், முன்னும் பின்னும்,
கம்பெனியில் சூப்பர்வைசர் பார்க்காதபோது செய்வதுபோல.
முஷ்டிக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தது,
எடுத்ததும் மெல்லத் திரும்பி வந்தது.
இரண்டாயிரத்து அறுநூறு.
விலையைக் கேட்டதும் மொகிலி
தக்காளி பார்க்கப் போய்விட்டான்.
என் ஓவர்டைம் பணம், எண்ணிக் கொடுத்தேன்.

போடுகிற விதமும் இருக்கிறது.
கழுத்துப் பக்கம் தள்ளி வைத்து
மயிர் படிகிற திசையில் பின்னால் இழுக்கணும்.
வாரை இறுக்கும் முன்
நடுவில் மெத்தையைத் தூக்கிவிடணும்,
இரண்டு விரல் போய்வரக் காற்று.
மொகிலி செய்தான், முணுமுணுத்துக்கொண்டே.
மேல்பட்டியில் மாப்பிள்ளையின் அத்தை கேட்டாளாம்,
"இன்னாயா, குதிரைக்குச் சாக்கு போட்டு இட்டாந்துகீற?"
சேணத்துக்கு மேலே பழைய ஜரிகைத் துணியைப் போர்த்தினதும்
அடங்கிவிட்டாளாம்.

நான் ஒட்டின அட்டைகள் போகிற தேசத்திலிருந்து
இத்தனை வருஷத்தில்
ஒரு கால்கூட எனக்குக் கடிதம் போட்டதில்லை.
இவள் போடுகிறாள்,
ராத்திரி முழுக்க நடந்துவிட்டு, உப்பில்.

இன்று விடிகாலை லாந்தரைத் தூக்கிப் படித்தேன்.
இடப்பக்கம் முழுக்க ஈரம்.
வலப்பக்கம் இன்னும் காய்ந்திருக்கிறது,
எட்டணா அளவு.

மெத்தை சரி.
சேணத்தின் கட்டைதான் அந்தப் பக்கம் கோணல்.
பிரிக்கணும். மொகிலியிடம் இன்னும் சொல்லவில்லை.

காய்ந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தேன்.
ஈ உட்கார்ந்ததுபோல்
அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்தாள்.
கையை எடுத்துக்கொண்டேன்.